வலைப்பை கட்டிய கொய்யாவில் புழு எப்படி வந்தது?

கேள்வி: கொல்லையில் ஒரு லக்னோ-49 கொய்யா மரம் நிற்கிறது. பழுக்கும் நேரத்தில் அணிலும் வௌவாலும் விடுவதில்லை என்று ஒவ்வொரு காய்க்கும் வலைப்பை கட்டினேன். கடித்த பழம் குறைந்தது. ஆனால் பைக்குள் இருந்த பழத்தை நறுக்கினால் புழு. மரம் முழுவதும் வலை போட்டால் சரியாகுமா? மானியத்தில் வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் அந்த முன்பணத்தைக் கொடுக்காதீர்கள். பறவைத் தடுப்பு வலைக்குத் தோட்டக்கலைத் துறையில் மானியம் உண்டுதான். அது சிட்டா, அடங்கல் காட்டிச் சாகுபடி செய்கிற விவசாயிக்கு. கொல்லையில் நிற்கும் ஒற்றை மரத்துக்குக் கிடையாது. உரியவருக்கே நடையாய் நடந்து, காய்ப்பு முடிந்த பிறகு கைக்கு வந்தால் உண்டு. இந்த அலைச்சலை வைத்துத்தான் 'ஆபீசில் நமக்கு ஆள் இருக்கு' என்பவர்கள் பிழைக்கிறார்கள்.

சரி, புழுவுக்கு வருவோம். அது பழ ஈயின் புழு. காய் கரும்பச்சை மாறி வெளிறத் தொடங்கும்போது ஈ தோலைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கும். உற்றுப் பார்த்தால் குண்டூசி குத்தியது போல ஒரு கரும்புள்ளி, சுற்றிலும் லேசான பள்ளம் தெரியும். நீங்கள் அணிலுக்குப் பயந்து பழுக்கும் நேரத்தில் கட்டியிருக்கிறீர்கள். முட்டையையும் சேர்த்துப் பைக்குள் கட்டிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

காய் எலுமிச்சை அளவில் இருக்கும்போதே கட்டுங்கள். பையின் கண்ணும் முக்கியம். ஈ நுழையாதபடி கொசுவலை மாதிரி நெருக்கமாக இருக்க வேண்டும். கடையில் 'பழ வலை' என்று கொடுப்பதில் பாதி, வெங்காயம் கட்டும் வலைதான். இன்னொன்று, வலை பழத்தோடு ஒட்டியிருந்தால் ஈ வெளியே உட்கார்ந்தபடியே குத்திவிடும். ஆப்பிளுக்கு மாட்டி வருகிற வெள்ளை நுரை உறையைப் பழக்கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். அதைக் காய்க்கு மாட்டி, மேலே பெரிய பையாகப் போடுங்கள். கட்டுவதற்கு முன் மாவுப்பூச்சி இருந்தால் கழுவிவிடுங்கள். பையின் முடிச்சைக் காம்பில் போடாமல், இரண்டு இலை தள்ளிக் கிளையில் போடுங்கள். இல்லையென்றால் காற்றில் காயோடு விழும். அணில் இதையும் கடிக்கத்தான் செய்யும். அதற்குக் கம்பிவலைதான், வேறு வழியில்லை.

மரம் முழுக்க வலை வேண்டாம். பூக்கும் காலத்தில் மூடினால் தேனீ வராது, காய்ப்பிடிப்பு குறையும். அதைவிட மோசம், மீன்பிடிக் கடையில் மலிவாகக் கிடைக்கும், மெல்லிய நைலான் இழையால் ஆன நரம்பு வலை. தயவுசெய்து அதை வாங்காதீர்கள். கிளி, வௌவால், சாரைப்பாம்பு எல்லாம் மாட்டி, பிடுங்கப் பிடுங்க நரம்பு சதையில் இறங்கும். கிளி 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது என்பதை விற்பவர் சொல்ல மாட்டார். சுண்டுவிரல் நுழைகிற கண் உள்ள எந்த வலையும் மரத்துக்கு ஆகாது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மாதுளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொய்யாக் கணக்கை மாதுளைக்குப் போட்டு ஏமாறுகிறவர்கள் நிறைய. மாதுளையைத் துளைப்பது ஈ இல்லை, ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு. அந்தப் பூச்சி பூவிலும் பிஞ்சிலுமே முட்டை வைத்துவிடும். எலுமிச்சை அளவு வரட்டும் என்று காத்திருந்தால் புழு உள்ளே போயிருக்கும். பூ காயாகத் திரண்டதுமே, பிஞ்சிலேயே கட்டிவிட வேண்டும். காய் நன்றாகப் பருக்கும் என்பதால் பையும் பெரிதாக வேண்டும். ஏற்கெனவே ஓட்டை தெரிகிற காயைக் கட்டி வைத்துப் பயனில்லை, பறித்துவிடுங்கள்.

புழு விழுந்த கொய்யாவை மரத்தடியிலோ குப்பைக் குழியிலோ போடாதீர்கள். புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, ஈயாக வெளியே வரும். பாலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, சில நாள் நல்ல வெயிலில் கிடத்துங்கள். வாசனையால் பழ ஈயை இழுத்துப் பிடிக்கும் மெத்தில் யூஜினால் பொறி ஒன்றையும் மரத்தில் தொங்கவிடலாம். ஆனால் அதில் விழுவது ஆண் ஈ மட்டும்தான். 'பொறி இருந்தால் பை வேண்டாம்' என்று கடைக்காரர் சொன்னால் நம்பிப் பையை அவிழ்த்துவிடாதீர்கள்.