மூன்று நாள் போன் பண்ணாத ஷ்மிட்

கேள்வி: நானும் என் நண்பனும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒன்றாக இருக்கிறோம். சேர்ந்து டூவீலர் சர்வீஸ் கடை நடத்துகிறோம். மெக்கானிக் வேலை அவன். கணக்கு, கஸ்டமர், ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாம் நான். அவன் ஜிம் பாடி, நான் குண்டு. ‘22 ஜம்ப் ஸ்ட்ரீட்’ படத்தில் காலேஜ் பையன்களாக வேஷம் போட்டுப் போகும் இரண்டு போலீஸ்காரர்கள் நாங்கள்தான் என்று எல்லோரும் கிண்டல் செய்வார்கள். சின்ன வயதில் பாதி நாள் அவன் வீட்டில்தான் சாப்பாடு. கடை ஆரம்பிக்க அவன் அம்மா வளையலை அடகு வைத்துக் கொடுத்தார். ஒரு வருடமாக புல்லட் குரூப்பில் அவனுக்குப் புது நண்பன் கிடைத்திருக்கிறான். ஞாயிறானால் இருவரும் ரைடு. என்னிடம் பேச்சே குறைந்துவிட்டது. போன மாதம் மூன்று நாள் கடைக்கு வரவில்லை. ரைடு போயிருப்பான் என்று நானும் போன் பண்ணவில்லை. அவன் அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் என்று நாலாம் நாள் கடைப் பையன் சொல்லித்தான் தெரியும். அந்த அளவுக்கு என்னை ஒதுக்கிவிட்டான். படத்தில் அந்த இரண்டு போலீஸ்காரர்களில் ஒருவனான ஷ்மிட் படும் பாடு எனக்குத்தான் புரியும். மனசு நோகாமல் கடையை எப்படிப் பிரித்துக்கொள்வது?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: தம்பி, புது சிநேகிதன் வந்தான், பழைய சிநேகிதன் கசந்தான் என்று எனக்கு வராத கடிதம் இல்லை. அதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த மூன்று நாளுக்கு வாருங்கள்.

கூட்டாளி மூன்று நாள் கடைக்கு வரவில்லை. ஒரு போன் இல்லை. வண்டி விட்ட கஸ்டமர்கள் வந்து கேட்டிருப்பார்கள், நீங்களும் ஏதோ சொல்லிச் சமாளித்திருப்பீர்கள். ஆனால் அவன் எங்கே என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. ‘ரைடு போயிருப்பான்’ என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டு, அந்த முடிவின் மேல் கோபத்தையும் ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பையனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிந்தது? அண்ணன் ஏன் வரவில்லை என்று அவன் கேட்டிருப்பான், அவ்வளவுதான்.

இதை ‘ஒதுக்கிவிட்டான்’ என்கிறீர்கள். அப்பாவை ஆபரேஷனுக்குச் சேர்த்தவன் நிலைமை உங்களுக்குத் தெரியாதா? பில் கவுண்டருக்கும் மருந்துக் கடைக்கும் நடக்கவே காலையிலிருந்து சரியாக இருக்கும். அட்டெண்டர் பாஸ் ஒன்றுதான் கொடுப்பார்கள். ராத்திரி வராண்டாவில் துண்டை விரித்துப் படுப்பான். அந்த நேரத்தில் யாரும் லிஸ்ட் போட்டு எல்லோருக்கும் தகவல் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். யார் போன் பண்ணுகிறார்களோ அவர்களிடம் சொல்வார்கள். நீங்கள் பண்ணவில்லை.

சரி, தெரியாமல் போயிற்று. நாலாம் நாள் தெரிந்ததே, போனீர்களா? கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். புல்லட் குரூப் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, ஷ்மிட் இருக்கிறார். அப்பாவைப் போய்ப் பார்த்தேன் என்று ஒரு வரி இல்லை. அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்றும் இல்லை. நல்லதுக்குக் கூப்பிட்டால் போக வேண்டும், கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போக வேண்டும் என்பது நம் ஊரில் படிக்காதவர்களுக்கும் தெரிந்த சட்டம். அவன் வாயால் சொல்லவில்லை என்பதெல்லாம் ஒரு காரணமா? படுத்திருந்தது அவனா, அவன் அப்பாவா? நீங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட வீட்டின் பெரியவர் அவர்.

இப்போது உங்கள் ஷ்மிட் விஷயம். நீங்கள் சொல்கிற படம் 2014-இல் வந்தது. ஃபில் லார்ட், கிறிஸ் மில்லர் என்ற இரட்டையர் எடுத்தது. ஜோனா ஹில்தான் ஷ்மிட், சானிங் டாட்டம்தான் ஜென்கோ. போதை மருந்து விற்பவனைப் பிடிக்க இருவரையும் காலேஜுக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஜென்கோ ஃபுட்பால் டீமில் சேர்ந்து, ஸூக் என்பவனோடு ஒட்டிக்கொள்கிறான். ஷ்மிட் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறான். இந்தப் படத்தின் மொத்த வேடிக்கையே, இரண்டு போலீஸ்காரர்களின் கூட்டை ஒரு கல்யாணம் மாதிரி நடத்துவதுதான். கவுன்சலிங் அறையில் ஜோடியாக உட்கார வைக்கிறார்கள். பிரிகிற காதலர்கள் பேசுகிற தினுசில், கொஞ்ச நாள் வேறு வேறு ஆட்களை விசாரிக்கலாமே என்று பேச்சு வருகிறது. தம்பி, அது காமெடிப் படம். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்ட இடங்களில் தியேட்டர் சிரித்துக்கொண்டிருந்தது. ஷ்மிட்டின் சுயபச்சாதாபத்தைக் கேலி செய்யத்தான் அத்தனை காட்சிகளும்.

அதோடு, உங்களுக்கு வசதியான பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். இதற்கு முன்னால் 2012-இல் ‘21 ஜம்ப் ஸ்ட்ரீட்’ வந்தது. (இரண்டுக்குமே மூலம் 1987-இல் தொடங்கிய ஒரு டிவி தொடர்.) அதில் இவர்களை அனுப்புவது ஹைஸ்கூலுக்கு. அங்கே கதை தலைகீழ். பள்ளி நாட்களில் யாரும் மதிக்காத ஷ்மிட்டுக்கு இப்போது மவுசு கூடுகிறது, எந்தப் பையனைக் கண்காணிக்க வந்தானோ அவனோடேயே சிநேகிதமாகிவிடுகிறான். ஜென்கோ கெமிஸ்ட்ரி பையன்களோடு ஓரமாக உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பையனின் போனை ஒட்டுக் கேட்கும்போது, ஷ்மிட் தன்னைப் பற்றி மட்டமாகப் பேசுவது ஜென்கோவின் காதில் விழுகிறது. ஆக, முதலில் கூட்டாளியை விட்டுவிட்டுப் புது சிநேகிதத்தில் மயங்கியது ஷ்மிட். உங்கள் கதைக்கும் ஒரு முதல் பாகம் இருக்கும். கடை ஓட ஆரம்பித்த புதிதில், கல்யாணம் பேசிய சமயத்தில், நீங்கள் காணாமல் போன மாதங்கள் எத்தனை என்று அவனிடம் கேட்டால் சொல்வான்.

அந்த முதல் படத்தில் இன்னொன்றும் உண்டு. வேஷத்துக்காக அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொண்டு இருவரும் தங்குவது ஷ்மிட்டின் அப்பா அம்மா வீட்டில். இரண்டாவதில் அந்த வீட்டை விட்டுவிட்டு ஹாஸ்டல் அறைக்கு வந்துவிடுகிறார்கள். பிணக்கு இரண்டு பேருக்கு நடுவில் மட்டும் வளர்கிறது. நடுவில் வந்து “ரெண்டு பேரும் முதல்ல சாப்பிடுங்கடா” என்று சொல்ல ஒரு அம்மா இல்லை. உங்களுக்கு இருக்கிறார். அவரையும் விட்டுவிட்டுத்தான் இப்போது பாகம் பிரிக்கக் கிளம்பியிருக்கிறீர்கள். சிநேகிதம் என்பது இரண்டு பேர் சமாசாரம் என்று இந்தக் காலத்தில் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு வீட்டில் பத்து வருடம் சாப்பிட்டவனுக்கு அந்த வீட்டின் மேல் கடமை உண்டு. மகனோடு பேச்சு நின்றாலும் அது நிற்காது.

நண்பன் மேல் தப்பே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், கடையை அம்போ என்று விட்டிருக்க வேண்டாம். அவன் எனக்குக் கடிதம் எழுதினால் அவனுக்கும் இருக்கிறது. எழுதியது நீங்கள். புல்லட்டில் ஊர் சுற்றுவதை மட்டும் குற்றக் கணக்கில் சேர்க்காதீர்கள். வாரம் ஆறு நாள் கிரீஸில் கையை வைத்திருப்பவன் ஏழாம் நாள் காற்று வாங்கப் போகிறான், போகட்டும்.

அந்த இரண்டாவது படத்தில்கூட, ஸூக்கோடு சேர்ந்து ஃபுட்பால் ஸ்காலர்ஷிப் வாங்கும் வாய்ப்பு வந்து ஜென்கோ போலீஸ் வேலையையே விடலாமா என்று யோசிக்கிறான். ஷ்மிட் மூட்டை கட்டிக்கொண்டு ஹாஸ்டலை விட்டுக் கிளம்பிவிடுகிறான். ஆனாலும் குற்றவாளியைப் பிடிக்கப் போகும் நாளில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போகிறார்கள். மனஸ்தாபத்தைத் தீர்த்துக்கொண்டு அப்புறம் வேலையைப் பார்க்கலாம் என்று யாரும் காத்திருக்கவில்லை. நீங்களும் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே அவன் இல்லாத நேரமாகப் பார்த்து அந்த வீட்டுக்குப் போங்கள். அப்பா பக்கத்தில் உட்காருங்கள். தாமதமாக வந்ததற்குத் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். மகனைப் பற்றிப் புகார் மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஆபரேஷன் ஆன மனிதருக்கு அது வேண்டாத பாரம்.

கடையைப் பிரிப்பது பெரிய வித்தை இல்லை. காலக்கெடு எதுவும் குறிக்காமல் நடத்தும் கூட்டுக் கடையாக இருந்தால், 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி ஒருவர் மற்றவருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தாலே கலைத்துவிடலாம். அதற்கு என் உதவி வேண்டாம், ஒரு வக்கீலும் ஒரு ஆடிட்டரும் போதும். அவர்களிடம் போகும் முன்னால் ஒன்று. கடைக் கணக்கு உங்கள் கையில்தானே இருக்கிறது? அந்த அம்மாவின் வளையலை அதில் எந்தத் தலைப்பில் எழுதியிருக்கிறீர்கள்? அவன் போட்ட முதலாகவா, கடை வாங்கிய கடனாகவா? அது திரும்பி வந்துவிட்டதா என்றும் கடிதத்தில் காணவில்லை. நோட்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.