ஆபீஸ் தம்பி எழுதிய பாஸ்வேர்ட் கருவியை நம்பலாமா?

கேள்வி: ஈரோட்டில் வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுக்கும் சிறிய அலுவலகம் நடத்துகிறேன். என்னோடு சேர்த்து மூன்று பேர். ஏறக்குறைய 200 வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி, வருமான வரித் தளப் பாஸ்வேர்டுகள் ஒரு எக்செல் கோப்பில் இருந்தன. அது சரியில்லை என்று எங்களிடம் வேலை பார்க்கும் தம்பி பைத்தானில் ஒரு சின்னக் கருவி எழுதினான். கறுப்புத் திரையில் வாடிக்கையாளர் பெயரைத் தட்டினால் பாஸ்வேர்ட் காப்பி ஆகிவிடும். தளத்தில் போய் பேஸ்ட் செய்தால் போதும். "என்கிரிப்ட் பண்ணித்தான் வச்சிருக்கேன்" என்கிறான். ஒரே குறை, ஏழெட்டு வாடிக்கையாளர்களுக்கு மட்டும் எதுவும் காப்பி ஆவதில்லை. இதற்கிடையே ஒரு விற்பனையாளர், ஆளுக்கு இவ்வளவு என்று ஆண்டுச் சந்தா கட்டி பாஸ்வேர்ட் மேனேஜர் வாங்கச் சொல்லி நச்சரிக்கிறார். எதை நம்புவது? தம்பியின் நிரலை இணைத்திருக்கிறேன்.

பதில்: முதலில் தம்பிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். எக்செல்லை ஒழிக்க வேண்டும் என்று தோன்றியதே பெரிய விஷயம். டீ குடித்து முடித்ததும் அந்தக் கருவியை நிறுத்தச் சொல்லுங்கள்.

நிரலைப் படித்துப் பார்த்தேன். அவன் 'என்கிரிப்ட்' என்று சொல்வது பேஸ்64. அது பூட்டே இல்லை. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புகிறோமே, அந்த மாதிரி: எழுத்து மாறும், சொல் மாறாது. கோப்பு யார் கையில் கிடைத்தாலும் ஒரு நொடியில் 200 பாஸ்வேர்டும் வெளியே வந்துவிடும், எந்தச் சாவியும் தேவையில்லை. உண்மையான பூட்டு என்றால் எல்லாவற்றையும் திறக்க நீங்கள் தட்டும் ஒரே மாஸ்டர் பாஸ்வேர்டிலிருந்து ஒரு சாவி உருவாக வேண்டும். அது வேண்டுமென்றே மெதுவாக உருவாக வேண்டும். திருடன் கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்ப்பான். ஒவ்வொரு ஊகத்துக்கும் அவனுக்கு நேரம் செலவாக வேண்டும், அதற்குத்தான் அந்தத் தாமதம். 2015-ல் இதற்கென்றே நடந்த போட்டியில் வென்ற ஆர்கான்2 என்ற முறை இப்போது பரவலாக இருக்கிறது. பழைய பிபிகேடிஎஃப்2 முறை என்றால் சாவி உருவாக்கும் கணக்கைக் குறைந்தது 6 லட்சம் சுற்றாவது ஓட்டுங்கள் என்கிறது மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு.

இதையெல்லாம் தம்பி கற்றுக்கொண்டு எழுதட்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. 2003-லிருந்து இருக்கும் கீபாஸ் என்ற பாஸ்வேர்ட் மேனேஜரிலேயே, மாஸ்டர் பாஸ்வேர்ட் கணினியின் நினைவகத்தில் தடம் விட்டுப் போகும் ஓட்டை 2023-ல் வெளிவந்தது. 2.54 பதிப்பில்தான் அடைத்தார்கள். இருபது வருஷம் அதே வேலையாக இருந்தவர்களுக்கே அந்தக் கதி. உங்கள் தம்பி ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் எழுதியதற்கு என்ன உத்தரவாதம்?

அந்த ஏழெட்டு வாடிக்கையாளர் விஷயத்துக்கு வருகிறேன். அவர்களுடைய பாஸ்வேர்டைப் பாருங்கள், நடுவில் & குறி இருக்கும். கருவி பாஸ்வேர்டை ஒரு கட்டளை வரிக்குள் ஒட்டி, விண்டோஸின் கட்டளைச் சாளரத்திடம் கொடுத்துக் கிளிப்போர்டில், அதாவது காப்பி செய்தது தங்கும் இடத்தில், போடச் சொல்கிறது. & குறியைக் கண்டதும் அது 'ஒரு கட்டளை முடிந்தது, அடுத்தது ஆரம்பம்' என்று எடுத்துக்கொள்ளும். பாஸ்வேர்டின் முதல் பாதியைத் திரையில் எழுதிவிட்டு, மறுபாதியை ஏதோ நிரலின் பெயர் என்று நினைத்து இயக்கப் பார்க்கும். உங்களுக்குக் காப்பி ஆகவில்லை என்பதோடு போயிற்று. குறும்புக்காரன் யாராவது பாஸ்வேர்ட் இடத்தில் உண்மையான கட்டளையையே எழுதி வைத்திருந்தால் அதுவும் ஓடியிருக்கும்.

இதே பழக்கத்தால் இன்னொரு கசிவும் இருக்கிறது. கட்டளை வரியில் எழுதியதெல்லாம், அந்தக் கட்டளை ஓடும் நேரத்தில் கணினியின் இயக்கப் பட்டியலில் தெரியும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரில் ஒரு பத்தியைக் கூடுதலாகத் திறந்தால் போதும். லினக்ஸில் வழக்கமான அமைப்பில், அதே இயந்திரத்தில் நுழைந்திருக்கும் வேறு பயனர்கூடப் பார்க்கலாம். யாராவது கையாலேயே தட்டினால் டெர்மினல், அதாவது அந்தக் கறுப்புத் திரை, அதை வரலாற்றுக் கோப்பிலும் எழுதி வைத்துக்கொள்ளும். பாஸ்வேர்ட் எப்போதும் கட்டளையின் பகுதியாக இல்லாமல், உள்ளீட்டுக் குழாய் வழியாகத்தான் போக வேண்டும். தம்பியிடம் 'ஸ்டாண்டர்ட் இன்புட்' என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வான்.

சரி, காப்பி ஆன பிறகு என்ன நடக்கிறது? வாங்குகிறவர்கள் யாரும் கேட்காத கேள்வி இது. என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியதே இதுதான். கிளிப்போர்டு என்பது வீட்டுத் திண்ணை மாதிரி. வைத்தவர் மட்டுமல்ல, அந்தக் கணினியில் உங்கள் பெயரில் ஓடும் எந்த நிரலும் எட்டிப் பார்க்கலாம். நானே ஒருமுறை மின்கட்டண ரசீது எண்ணை அனுப்புவதாக நினைத்து, என் மின்னஞ்சல் பாஸ்வேர்டைக் குடும்பக் குழுவில் ஒட்டிவிட்டேன். சித்தப்பா கைகூப்பும் படம் போட்டு 'காலை வணக்கம்' என்றார். அவருக்கு அது என்னவென்று தெரியவில்லை. நான் அன்றைக்கே மாற்றிவிட்டேன்.

அதனால்தான் நல்ல கருவிகள் வைத்ததைத் தாங்களே எடுத்துவிடும். கீபாஸ் 12 வினாடியில் அழிக்கும், அதே மாதிரி இன்னொரு பாஸ்வேர்ட் மேனேஜரான கீபாஸ்எக்ஸ்சி 10 வினாடியில். லினக்ஸ்காரர்கள் பயன்படுத்தும் 'பாஸ்' 45 வினாடி விட்டு வைக்கும். அது மொத்தமும் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட்தான் (கட்டளைகளை வரிசையாக எழுதிய உரைக் கோப்பு), கட்டளை வரிக்கருவி எழுத ஆசைப்படும் எவரும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். அழிக்கும் முன் கிளிப்போர்டில் இருப்பது தான் வைத்த பாஸ்வேர்ட்தானா என்று பார்க்கும். இடையில் நீங்கள் வேறு எதையாவது காப்பி செய்திருந்தால் அதில் கை வைக்காது. முன்னால் என்ன இருந்ததோ அதைத் திரும்ப வைத்துவிட்டும் போகும். இந்த மரியாதை உங்கள் தம்பியின் கருவியில் இல்லை. அது கண்ணை மூடிக்கொண்டு 30 வினாடி தூங்குகிறது, எழுந்து எல்லாவற்றையும் துடைக்கிறது. அதுவும் சாளரம் திறந்திருந்தால்தான். பேஸ்ட் செய்த கையோடு கறுப்புச் சாளரத்தை மூடுவது எல்லோருக்கும் பழக்கம். மூடினால் தூங்கிக்கொண்டிருந்த நிரலும் போய்விடும், பாஸ்வேர்ட் சாயங்காலம் வரை திண்ணையிலேயே கிடக்கும்.

விண்டோஸில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. 2018 இறுதியில் வந்த புதுப்பிப்பிலிருந்து விண்டோஸ் விசையோடு வி எழுத்தை அழுத்தினால் கிளிப்போர்டு வரலாறு திறக்கும், கடைசி 25 காப்பிகள் வரிசையாக நிற்கும். யாராவது ஒருமுறை அதை இயக்கி விட்டிருந்தால், தம்பியின் கருவி துடைப்பதெல்லாம் மேசை மேல் இருப்பதைத்தான். இழுப்பறையில் நகல் அப்படியே இருக்கும். கீபாஸ்எக்ஸ்சியின் சாளரத்திலிருந்து காப்பி செய்தால், 'இதை வரலாற்றில் சேர்க்காதே' என்ற குறிப்பும் சேர்ந்தே போகும். பைத்தானில் காப்பி செய்ய எல்லோரும் எடுத்தாளும் பைப்பர்கிளிப் என்ற ஆயத்த நிரல் தொகுப்பு அந்தக் குறிப்பை வைப்பதில்லை. மூன்று கணினியிலும் அமைப்புகளுக்குள் போய்க் கிளிப்போர்டு வரலாற்றையும், சாதனங்களுக்கிடையே பகிர்வதையும் இன்றைக்கே அணைத்துவிடுங்கள். எந்தக் கருவி வைத்திருந்தாலும் செய்ய வேண்டியது இது.

அப்படியானால் வாங்க வேண்டியதுதானா? அவசரப்படாதீர்கள். கீபாஸ்எக்ஸ்சி இலவசம், நிரல் திறந்தே இருக்கிறது, பாஸ்வேர்டுகள் ஒரே கோப்பாக உங்கள் கையில் இருக்கும். மூன்று பேருக்கு அது தாராளம். தம்பிக்குக் கறுப்புத் திரைதான் பிடிக்கும் என்றால், அதிலேயே கட்டளை வரிப் பகுதி ஒன்று உண்டு. பாஸ்வேர்டுகள் இருக்கும் பெட்டகக் கோப்பையும் பதிவின் பெயரையும் கொடுத்தால் மாஸ்டர் பாஸ்வேர்ட் கேட்டு, காப்பி செய்து, 10 வினாடி எண்ணி அழிக்கும். எண்ணி முடிக்கும் வரை சாளரத்தை மூடாதீர்கள், இதிலும் அந்தக் குறை இருக்கிறது. விண்டோஸில் இந்தக் கட்டளை வரி வழியில் அந்த 'வரலாற்றில் சேர்க்காதே' குறிப்பும் போகாது, அதனால்தான் வரலாற்றை அணைக்கச் சொன்னேன். தம்பி செய்ய வேண்டியது, வாடிக்கையாளரின் சுருக்கப் பெயரைப் பதிவின் முழுப் பெயராக மாற்றி அதனிடம் ஒப்படைக்கும் இருபது வரி மட்டும். பூட்டு அவர்களுடையது, கைப்பிடி இவனுடையது.

காசு கொடுத்து வாங்கும் சேவைகளில் பகிர்வது சுலபம், யார் எப்போது எதைத் திறந்தார் என்ற பதிவும் கிடைக்கும். ஆட்கள் வந்து போகும் அலுவலகத்துக்கு அது தேவைப்படும். ஆனால் விற்பனையாளரிடம் ஒன்று கேளுங்கள்: "உங்கள் சர்வரே திருடு போனால் என் பெட்டகம் என்ன ஆகும்?" 2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்ட் சேவையில் அதுதான் நடந்தது. வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்களைத் திருடர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். பாஸ்வேர்டுகள் பூட்டியிருந்தன, தள முகவரிகளோ பூட்டாமலே கிடந்தன. மாஸ்டர் பாஸ்வேர்ட் பலவீனமாக வைத்திருந்தவர்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டிய நிலை. கேள்விக்கு நேர்பதில் தராமல் 'ராணுவத் தரம்' என்று சொல்கிறவரிடம் வாங்காதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 200 பாஸ்வேர்டுகளை நீங்கள் ஏன் வைத்திருக்கிறீர்கள்? ஜிஎஸ்டி தளத்தில் பதிவு பெற்ற ஜிஎஸ்டி பிராக்டிஷனரை வாடிக்கையாளரே தன் கணக்கிலிருந்து நியமிக்கும் வசதி இருக்கிறது, அவர் தன் சொந்த லாகினில் வேலை செய்யலாம். வருமான வரித் தளத்தில் பட்டயக் கணக்காளரைச் சேர்க்கும் வழி உண்டு. எத்தனை பேரை இப்படி நகர்த்த முடிகிறது என்று பாருங்கள். பட்டியல் பாதியானால் கவலையும் பாதி.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. பாஸ்வேர்டுகளைப் போனில் குறிப்பாக எழுதி வைத்து, தேவைப்படும்போது காப்பி செய்துகொள்கிறேன். மற்ற ஆப்கள் அதைப் படித்துவிடும் என்று பேத்தி பயமுறுத்துகிறாள். உண்மையா?

பதில்: முன்பு உண்மை, இப்போது ஓரளவு. ஆண்ட்ராய்டு 10-லிருந்து பின்னணியில் ஓடும் சாதாரண ஆப்களால் கிளிப்போர்டைப் படிக்க முடியாது. 12-லிருந்து ஓர் ஆப் படித்தால் திரையின் அடியில் ஒரு வரி தெரியும். 13-லிருந்து சிறிது நேரம் கழித்துத் தானே அழிந்துவிடும். ஐபோனிலும் 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 முதல் இப்படி ஓர் அறிவிப்பு உண்டு. விதிவிலக்கு, உங்கள் விசைப்பலகை ஆப். அது படிக்கலாம், பல விசைப்பலகைகள் காப்பி செய்தவற்றைத் தனியாகச் சேர்த்தும் வைக்கின்றன. அழகுக்காக இறக்கிய விசைப்பலகை இருந்தால் நீக்கிவிடுங்கள். குறிப்புகளில் எழுதுவதை நிறுத்தி, போனிலேயே இருக்கும் பாஸ்வேர்ட் சேமிப்பைப் பயன்படுத்துங்கள். அது நேரடியாக நிரப்பும், காப்பி என்ற பேச்சே இல்லை. அது கைவரவில்லை என்றால் பீரோவில் ஒரு நோட்டு தவறே இல்லை. கைப்பையில் மட்டும் வேண்டாம்.

கேள்வி: என் வங்கித் தளம் பாஸ்வேர்டை பேஸ்ட் செய்யவே விடுவதில்லை. பாதுகாப்புக்காக என்கிறார்கள். 20 எழுத்தைக் கையால் தட்ட முடியவில்லை, சின்னதாக மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள். பேஸ்ட்டைத் தடுப்பதால் பாதுகாப்பு கூடுவதில்லை. உங்களைப் போன்றவர்கள் சின்னப் பாஸ்வேர்டுக்கு ஓடுவதுதான் நடக்கும். பிரிட்டனின் தேசிய இணையப் பாதுகாப்பு மையமே 2017-ல், ஒட்ட விடுங்கள் என்று எழுதியது. கீபாஸ்எக்ஸ்சியில் 'ஆட்டோ-டைப்' உண்டு, விசைகளைத் தட்டுவது போல அதுவே நிரப்பும். அழுத்தும் முன் எந்தச் சாளரம் முன்னால் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரட்டைச் சாளரம் முன்னால் இருந்தால் என் சித்தப்பா கதைதான்.

கேள்வி: தேடுபொறியில் கீபாஸ் என்று போட்டு, முதலில் வந்த இணைப்பிலிருந்து இறக்கிவிட்டேன். சரிதானே?

பதில்: மேலே 'விளம்பரம்' என்று போட்டிருந்ததா? 2023-ல் கீபாஸ் தளத்தைப் போலவே முகவரி வைத்து, ஆங்கில கே எழுத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒரு சின்னக் குறியோடு, போலித் தளம் ஒன்று விளம்பரமாகவே வந்தது. இறக்கியவர்களுக்கு வைரஸ் கிடைத்தது. நீங்கள் இறக்கிய கோப்பின் மேல் வலது சொடுக்கி, பண்புகளில் டிஜிட்டல் கையொப்பம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கையொப்பமே இல்லையென்றால், அல்லது சம்பந்தமில்லாத பெயர் இருந்தால் இயக்காதீர்கள். ஏற்கெனவே இயக்கியிருந்தால், இணையத்தைத் துண்டித்துவிட்டு வேறொரு கணினியிலிருந்து மின்னஞ்சல், வங்கிப் பாஸ்வேர்டுகளை முதலில் மாற்றுங்கள். பணம் ஏதாவது போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.