'இழப்பீடு கேட்க மாட்டேன்' என்று கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் மூர்ஹெட்டில் சாண்ட்விச் கடை பிரான்சைஸ் எடுக்கப்போகிறேன். 'தண்டனை இழப்பீடோ மறைமுக நஷ்டமோ இரு தரப்பும் கோரக்கூடாது, ஜூரி விசாரணை கிடையாது' என்கிறது ஒப்பந்தம். கடைசியில் 'மினசோட்டா இணைப்பு' என்று 2 பக்கம் வேறு மாதிரி சொல்கிறது. எது செல்லும்? டல்லாஸில் இதே பிராண்ட் எடுத்த என் மைத்துனருக்கு அந்த 2 பக்கமே தரவில்லை. அடுத்த கடையை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஃபார்கோவில் போட எண்ணம்.

பதில்: முதலில் சொற்கள்: தண்டனை இழப்பீடு என்பது உண்மையான நஷ்டத்துக்கு மேல், தவறு செய்தவரைத் தண்டிக்கக் கட்டவைக்கும் தொகை; மறைமுக நஷ்டம் என்பது தவறின் தொடர்விளைவாக வருவது; ஜூரி என்பது வழக்கைத் தீர்மானிக்கும் பொதுமக்கள் குழு. அந்த 2 பக்கத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஒப்பந்தத்தோடு முரண்பட்டால் இணைப்பே செல்லும் என்று பெரும்பாலும் அதிலேயே ஒரு வரி இருக்கும். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள்.

மைத்துனருக்கு ஏன் தரவில்லை? பிரான்சைஸ் பற்றிய மத்திய விதி, விவர ஆவணத்தை (பிரான்சைஸ் பற்றிய தகவல்களைக் கம்பெனி எழுதித் தருவது) கையெழுத்துக்கோ பணம் கட்டுவதற்கோ 14 நாள் முன்பே கொடுக்கச் சொல்கிறது. ஒப்பந்தத்துக்குள் என்ன எழுதலாம், எழுதக்கூடாது என்பதில் அது தலையிடுவதில்லை. அந்த வேலையைச் சில மாநிலங்கள்தான் செய்கின்றன. மினசோட்டாவில் விதி 2860.4400 இருக்கிறது. ஜூரி உரிமையையும், சட்டம் தரும் பரிகாரங்களையும் விட்டுக்கொடுக்கும்படி பிரான்சைஸ் எடுப்பவரைக் கட்டாயப்படுத்தக்கூடாது. முன்கூட்டியே தொகை நிர்ணயித்த இழப்பீட்டுக்கும் சம்மதிக்க வைக்கக்கூடாது. ஃபார்கோ இருக்கும் வடக்கு டகோட்டா மாநிலம் இன்னும் வெளிப்படை: தண்டனை இழப்பீட்டை விட்டுக்கொடுக்க வைப்பது நியாயமற்றது என்று பெயர் சொல்லியே வைத்திருக்கிறது. மைத்துனரின் டல்லாஸ் இருக்கும் டெக்சாஸில் இப்படித் தனி பிரான்சைஸ் சட்டம் கிடையாது. அங்கே பொதுவான ஒப்பந்தச் சட்டம்தான். எழுதியது பெரும்பாலும் எழுதியபடியே நிற்கும்.

சரி, இணைப்பு இருப்பதால் நிம்மதியாகத் தூங்கலாமா? முழுக்க முடியாது. ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்குப் பதில் தனி நடுவரிடம் தகராறைத் தீர்ப்பது) இருக்கிறதா பாருங்கள். மினசோட்டா விதியே அதைத் தடுப்பதில்லை. ஆர்பிட்ரேஷனுக்குப் போனால் ஜூரி தானாகவே போய்விடும். மாநிலம் தடுக்க நினைத்தாலும் எடுபடாது: 1984-இல் செவன்-இலெவன் கடைக்காரர்களின் கலிபோர்னியா வழக்கில், மத்திய ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் முன்னால் மாநில பிரான்சைஸ் சட்டத்தின் தடை நிற்காது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எனக்கு அதிகம் உறுத்துவது 'இரு தரப்பும்' என்ற சொல். கேட்க நியாயமாக இருக்கும். அடுத்த வரியில் 'டிரேட்மார்க் மீறல், மூன்றாம் நபர் வழக்குச் செலவு, மீதிக் காலத்துக்கான ராயல்டி நீங்கலாக' என்று வருகிறதா பாருங்கள். வந்தால், கம்பெனி உங்களிடம் கேட்கக்கூடியதெல்லாம் விதிவிலக்கில் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் கேட்கக்கூடியதுதான் வெட்டப்பட்டிருக்கிறது. உதாரணமாக, அவர்கள் கட்டாயமாகத் தந்த பில்லிங் மென்பொருள் 3 வாரம் படுத்துவிட்டால், அதைச் சரிசெய்த செலவை வாங்கிவிடலாம். போன வியாபாரத்தைக் கேட்டால் 'அது மறைமுக நஷ்டம்' என்று வாதிடுவார்கள். எனவே 'இழந்த லாபம் இந்தத் தடைக்குள் வராது' என்று ஒரு வரி சேர்க்கக் கேளுங்கள். பெரிய பிராண்டுகள் எளிதில் இறங்கிவராது. வளர்ந்துகொண்டிருக்கும் கம்பெனி கொஞ்சம் இறங்கிவரலாம்.

இணைப்பில் இன்னொரு வரியும் கண்ணில் படும்: மினசோட்டா சட்டம் தானாகவே பொருந்தினால் மட்டுமே இந்த இணைப்பு செல்லும் என்று. கடை மூர்ஹெட்டில், நீங்களும் அங்கேயே என்றால் பிரச்சினை இல்லை. வேறு மாநிலத்தில் இருக்கும் பங்குதாரர் பெயரிலோ கம்பெனி பெயரிலோ கையெழுத்துப் போடுவதானால் முதலில் வக்கீலிடம் கேளுங்கள். அப்புறம், இணைப்பிலும் தனியாகக் கையெழுத்து வாங்குங்கள். வெறுமனே ஒப்பந்தத்தோடு பின் அடித்துக் கொடுத்தால் பின்னாளில் தகராறுதான்.

ஃபார்கோ கடைக்கு மூர்ஹெட் இணைப்பு உதவாது. அது வேறு கடை, வேறு ஒப்பந்தம். வடக்கு டகோட்டா இணைப்பைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு கடைக்கும் சேர்த்து இப்போதே ஏரியா ஒப்பந்தம் (ஒரு பகுதியில் பல கடைகளுக்கான ஒரே ஒப்பந்தம்) போடச் சொன்னால், இரண்டு மாநில இணைப்பும் அதில் இருக்க வேண்டும்.