கொதிக்கும் தொட்டித் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலக்காது

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு ஏக்கர் கத்தரி போட்டிருக்கிறேன் ஐயா. வெள்ளை ஈக்கு, தண்ணீரில் கரையும் வேப்பெண்ணெயை லிட்டருக்கு 5 மில்லி வீதம் 16 லிட்டர் பேட்டரி டேங்கில் கலந்து அடிக்கிறேன். தை மாதம் அதே கடையில் அதே சரக்கு வாங்கினேன், பால் மாதிரி கலந்தது. இப்போது சித்திரையில் கொஞ்ச நேரத்திலேயே எண்ணெய் மேலே மிதக்கிறது. ஈ குறையவில்லை. நாலைந்து பாருக்கு ஓரிடம் என்று திட்டுத் திட்டாக இலை கருகிவிட்டது. மோட்டார் ரூம் மேலிருக்கும் கறுப்புத் தொட்டித் தண்ணீரைத்தான் பிடிக்கிறேன், மதியம் 3 மணிக்கு அடிக்கிறேன். மருந்து இலையில் ஒட்டிப் பரவுவதற்காகச் சேர்க்கும் ஸ்டிக்கரை இரண்டு மடங்கு போடச் சொல்கிறார் கடைக்காரர். சரக்கு கலப்படமா? வேறு எந்தக் கம்பெனி வாங்கலாம்?

பதில்: கம்பெனி பெயரை நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, "என் தொட்டித் தண்ணீர் எவ்வளவு சூடு?" என்பதை. பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: கறுப்புத் தொட்டி, சித்திரை, மதியம் 3 மணி. கை வைத்தால் சுடும் தண்ணீர் அது.

வேப்பெண்ணெய் தண்ணீரில் கரைவதே இல்லை. டப்பாவில் என்ன போட்டிருந்தாலும், உள்ளே இருப்பது எண்ணெயும் எமல்சிஃபையரும்தான். அந்த எமல்சிஃபையருக்குத் தண்ணீரைப் பிடிக்கும் தலை ஒன்று, எண்ணெயைப் பிடிக்கும் வால் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் எல்லையில் நின்று, எண்ணெயைச் சிறு துளிகளாகப் பிரித்து வைக்கிறது. இத்தகைய மருந்துகளில் பெரும்பாலும் சேர்ப்பது மின்னேற்றம் இல்லாத வகை. அதன் தலையைத் தண்ணீர் மெல்லிய பிணைப்புகளால் பற்றிக்கொண்டிருக்கும். சூடு ஏற ஏற அந்தப் பிடி தளர்ந்து, எமல்சிஃபையர் எண்ணெய்ப் பக்கம் சாய்ந்துவிடும். ஒரு குறிப்பிட்ட வெப்பத்தை நெருங்கியதும் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி மேலே வந்துவிடும். ஜப்பானில் கோசோ ஷினோடா 1960-களிலேயே இதை ஆராய்ந்து விளக்கியிருக்கிறார். எந்த வெப்பத்தில் இது நடக்கும் என்பது எமல்சிஃபையரையும் எண்ணெயையும் தண்ணீரில் உள்ள உப்பையும் பொறுத்தது. அதனால் தை மாதம் பால் மாதிரி நின்ற அதே சரக்கு சித்திரையில் பிரிவதில் அதிசயமில்லை.

திட்டுத் திட்டாகக் கருகியதையும் கொஞ்சம் பாருங்கள். டேங்கில் தண்ணீர் அடியிலிருந்து வெளியேறுகிறது, எண்ணெய் மேலே மிதக்கிறது. பேட்டரி டேங்குகளில் பெரும்பாலும் கலக்கி கிடையாது. ஒவ்வொரு டேங்கிலும் முதல் சில பார்களுக்குப் பெரும்பாலும் வெறும் தண்ணீரைத்தான் அடித்திருக்கிறீர்கள், ஈ சாகாததற்கு அதுதான் காரணம். 16 லிட்டருக்குப் போட்ட 80 மில்லி எண்ணெயில் பெரும்பகுதி கடைசி ஒரு லிட்டரில் வந்திருக்கும். லிட்டருக்கு 5 மில்லி என்று நினைத்த இடத்தில் 70, 80 மில்லி! வயலுக்குப் போய், கருகிய இடங்களும் டேங்க் தீர்ந்த இடங்களும் ஒன்றா என்று நடந்து பாருங்கள். ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

கடைக்காரர் சொன்ன ஸ்டிக்கரை மட்டும் தயவுசெய்து ஊற்றிவிடாதீர்கள். எது பிரிந்தாலும் ஸ்டிக்கர், எது படியாவிட்டாலும் ஸ்டிக்கர் என்று விற்பது இப்போது வழக்கமாகிவிட்டது. சில கடைகளில் ஷாம்பு பாக்கெட்டைக்கூட கிழித்துப் போடச் சொல்கிறார்கள். ஸ்டிக்கரோ ஷாம்புவோ, அளவு மிஞ்சினால் இலையின் மெழுகுப் பூச்சையும் கரைக்கும். மெழுகு போன இலை இந்த வெயிலில் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் சுடுவதால் வந்த கோளாறை ஸ்டிக்கர் ஊற்றிச் சரிசெய்ய முடியாது.

கலப்படமா என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரே அளவு கண்ணாடி பாட்டில் இரண்டு எடுங்கள். ஒன்றில் மதியம் பிடித்த சுடும் தொட்டித் தண்ணீர், மற்றொன்றில் அதே தண்ணீரை இரவு முழுக்க மண்பானையில் வைத்து ஆறவிட்டது. இரண்டிலும் லிட்டருக்கு 5 மில்லி கணக்கில் மருந்து விட்டு, இருபது தடவை குலுக்கி அரைமணி நேரம் வையுங்கள். பானைத் தண்ணீர் பாலாக நின்று, தொட்டித் தண்ணீர் மட்டும் பிரிந்தால் குற்றம் சூட்டின் மேல். இரண்டுமே பிரிந்தால் சரக்கு சரியில்லை, அல்லது உங்கள் போர் தண்ணீர் கடினமானது. மழைத் தண்ணீரில் ஒரு பாட்டில் கலந்து பார்த்தால் அதுவும் தெரிந்துவிடும். இந்தப் பாட்டிலைக் குலுக்காமல் ஒரு மருந்தையும் டேங்கில் ஊற்றக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தண்ணீரின் சூட்டைப் பார்க்க ஒரு தெர்மாமீட்டர் வாங்கினால் பல வருஷம் வரும்.

சோப்பு போட்டுக் கலப்பவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்கு ஒரு வார்த்தை. சோப்பின் குணம் இதற்கு நேர்மாறு, குளிரில்தான் அது கைவிடும். தாண்டிக்குடி மலைப் பக்கம் ஒரு பீன்ஸ் தோட்டத்தில், மார்கழிக் காலையில் நானே பட்டேன். எண்ணெய் நெய் போல உறைந்திருந்தது. சோப்பு கரையாமல் வெள்ளை வெள்ளையாக ஃபில்டரில் அடைத்துக்கொண்டது. நாசிலைக் கழற்றிக் கழற்றி ஊதியே காலைப்பொழுது போனது. சோப்பைச் சீவி வெந்நீரில் முழுதாகக் கரைத்து, அதில் எண்ணெய் விட்டு நுரைக்க அடித்து, அப்புறம் தண்ணீர் சேர்க்க வேண்டும். எண்ணெயை அடுப்பில் வைக்காதீர்கள், பூச்சியைக் கட்டுப்படுத்தும் வேம்புச் சத்தான அசாடிராக்டின் அதிகச் சூட்டில் சிதைந்துவிடும். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்துவிடும், அங்கே சோப்பு வேலைக்கு ஆகாது.

இனி உங்கள் கத்தரி. அதிகாலையில் தண்ணீரைப் பிடித்து நிழலில் மூடி வையுங்கள். மாலை 5 மணிக்கு மேல் அடியுங்கள். வெயில் பட்டாலும் அசாடிராக்டின் வீணாகும் என்பதால் 3 மணிக்கு அடிப்பது எப்படியும் நஷ்டம்தான். மருந்தை முதலில் அரை லிட்டரில் அடித்துக் கலந்து, பிறகு டேங்கில் ஊற்றுங்கள். நடு நடுவே நின்று டேங்கைக் குலுக்குங்கள். கடைசி ஒரு லிட்டரைச் செடி மேல் அடிக்காமல் அடுத்த டேங்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை ஈ இலையின் அடிப்பக்கம் இருப்பதால் நாசில் கீழிருந்து மேல்நோக்கி இருக்கட்டும்.

கருகிய செடிகளுக்கு இப்போது தண்ணீர் மட்டும் போதும். புதுத்துளிர் வரும் வரை அந்தத் திட்டுகளில் எதையும் அடிக்காதீர்கள். பாட்டில் சோதனையில் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள்.