விட்டவர் மறுபடி தொட்டால் ஏன் உயிருக்கே ஆபத்து?

மூன்று மாதச் சிகிச்சையில் ஹெராயினை விட்டவர், ஒரே ஒருமுறை பழைய அளவை எடுத்ததும் எப்படி இறந்துபோகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

காரணம், உடம்பின் தாங்குதிறன். ஹெராயின், மார்ஃபின் போன்றவற்றைத் தொடர்ந்து எடுத்தால் மூளை அதற்குப் பழகிவிடும்; அதே கிறக்கத்துக்கு அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும். நிறுத்தினால் சில வாரங்களிலேயே அந்தத் தாங்குதிறன் குறைந்துவிடும். ஆனால் ஆளுக்கு ஞாபகம் இருப்பதோ பழைய அளவு. அதை எடுத்தால் மூச்சை இயக்கும் மூளைத்தண்டு மந்தமாகி, தூக்கம் போலவே தொடங்கி மூச்சு நின்றுவிடும். சிறையிலிருந்து வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் இப்படிப்பட்ட சாவுகள் அதிகம்.

நலாக்சோன் என்ற மருந்து சில நிமிடங்களில் மூச்சை மீட்கும். ஆனால் அதன் வீரியம் 30 முதல் 90 நிமிடம்தான். பிறகு மறுபடி மூச்சு அடங்கலாம், அதனால் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சரி, மருந்து இருந்தும் ஏன் சாகிறார்கள்? பலர் தனியாக இருக்கும்போது எடுப்பதால்தான். ‘திருந்திவிட்டான்’ என்று வீட்டார் நம்பியிருக்க, மறுபடி தொட்டதைச் சொல்ல வெட்கப்பட்டுக் கதவைத் தாழிட்டுக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த வெட்கத்தை வளர்க்கும் ஏச்சுப்பேச்சுக்கும் இதில் பங்குண்டு.

அப்புறம், மதுவில் இன்னொரு சிக்கல். நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.