கட்டுப்படியாகும் நனிசைவம்: வாசகர் கேள்வி – பதில்

பால், தயிர், நெய், முட்டை, இறைச்சி என விலங்குகளிடமிருந்து வரும் எதையும் உண்பதில்லை என்று முடிவு செய்தவர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கை எடுத்துக்கொண்டிருக்கிறோம். வீகன் என்று பரவலாகச் சொல்லப்படும் இம்முறையைத் தமிழில் நனிசைவம் என்கிறோம். குறைந்த வருமானத்தில் உடல் நலம் கெடாமல் இதைக் கடைப்பிடிப்பது எப்படி என்பதே நால்வரின் கவலையும்.

கேள்வி: நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராக வேலை பார்க்கிறேன். வயது 24, எடை 60 கிலோ. நண்பர்கள் இருவருடன் ஓர் அறையில் தங்கியிருக்கிறேன். ஒரு கேஸ் அடுப்பும் ஒரு குக்கரும் இருக்கின்றன. ஐந்து மாதங்களாகப் பால், முட்டை, கறி எதையும் தொடுவதில்லை. காலையில் இட்லியும் தக்காளிச் சட்னியும், மதியம் ரசம் சாதமும் பொரியலும், இரவு எலுமிச்சைச் சாதம் அல்லது தோசை என்று சாப்பிடுகிறேன். ஷிப்ட் முடிவதற்குள் உடல் சோர்ந்துவிடுகிறது. "வீகன் எல்லாம் காசு இருக்கிறவர்களுக்குத்தான்" என்கிறார்கள் நண்பர்கள். சாப்பாட்டுக்கு மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாது. நான் என்ன செய்வது?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் மூன்று வேளை உணவிலும் பருப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன், தம்பி. இட்லி மாவில் சேர்ந்த உளுந்தையும் ரசத்தில் கலந்த பருப்புத் தண்ணீரையும் தவிர வேறொன்றும் அகப்படவில்லை. கறியையும் முட்டையையும் தயிரையும் விட்டபோது அவை இருந்த இடத்தில் நீங்கள் எதையும் வைக்கவில்லை. சோறு மட்டுமே கூடியிருக்கிறது. உங்கள் சோர்வுக்கு இது ஒன்றே காரணம் என்று கடிதத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது என்பதால், அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்து ஹீமோகுளோபின் அளவை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால், அதன் முடிவு எதுவாக இருந்தாலும் இந்தத் தட்டு மாற வேண்டும்.

கணக்கை எளிமையாகவே பார்ப்போம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. உங்கள் எடைக்கு அது 50 கிராம். நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி சாப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் அதிலேயே ஏறக்குறைய 30 கிராம் புரதம் வந்துவிடும். அப்படியானால் பாதிக்கு மேல் கிடைத்துவிட்டதே என்று தோன்றும். ஆனால், அரிசிப் புரதத்தில், புரதத்தின் கட்டுமானக் கூறுகளான அமினோ அமிலங்களில் ஒன்றான லைசின் குறைவாக இருப்பதால் உடல் அதை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ள முடிவதில்லை. அந்த லைசின் பருப்பிலும் பயறிலும் தாராளமாக உண்டு. அவற்றில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்ற இன்னோர் அமினோ அமிலமோ அரிசியில் உண்டு. பருப்புச் சோறும் இட்லி உளுந்தும் தலைமுறைகளாக நம் சமையலில் சேர்ந்தே வருவதன் பலன் இதுதான். ஒரே வேளையில் இரண்டையும் சேர்த்துத்தான் உண்ண வேண்டும் என்பதில்லை. ஒரே நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும்.

ஆகவே, ஒரு நாளைக்கு இரண்டு கைப்பிடி பயறு, ஒரு கைப்பிடி வேர்க்கடலை என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடைக்குப் போகும்போது உங்கள் கைப்பிடி கொண்டைக்கடலையைத் தராசில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் 40 கிராமை ஒட்டி இருக்கும், அதன்பின் தராசே தேவைப்படாது. இரவு படுக்கப்போகும் முன் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ ஊறப்போடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்து, கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துச் சுண்டலாகக் கட்டி எடுத்துச் சென்றால், மாலையில் டீக்கடையில் பஜ்ஜிக்கும் வடைக்கும் கொடுக்கும் பணம் மிச்சமாகும். இன்னொரு கைப்பிடி பாசிப்பருப்பையோ துவரம்பருப்பையோ குக்கரில் சோற்றுக்கு மேலே ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டால், தனியாக கேஸ் செலவு இல்லாமல் கெட்டிப் பருப்பு கிடைக்கும். அதை ரசத்தில் கரைத்துவிடாமல் சோற்றிலேயே பிசைந்து சாப்பிடுங்கள். வாரம் இரண்டு நாள் பருப்புக்குப் பதிலாக மீல் மேக்கர் சேர்க்கலாம். உலர்ந்த நிலையில் அதன் எடையில் பாதி புரதம்தான். 30 கிராம் போட்டாலே 15 கிராம் புரதம் கிடைத்துவிடும். கொதிநீரில் ஊறவைத்து நன்றாகப் பிழிந்தபின் மசாலாவில் சேர்த்தால் அதன் பச்சை வாடை தெரியாது.

இந்தக் கணக்கில் மாதத்துக்கு இரண்டரைக் கிலோ பயறு வகையும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான வேர்க்கடலையும் செலவாகும். எங்கள் பகுதிக் கடை விலையில் இது 400 ரூபாயை ஒட்டியே வருகிறது. உங்கள் நண்பர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை: பாதாம் பால் பெட்டி, பாலில்லாச் சீஸ், இறைச்சி போலச் செய்து உறையவைத்த உணவுகள் ஆகியவற்றை வாங்கப் போனால் 3,000 ரூபாய் பத்து நாளைக்குக்கூடக் காணாது. ஆனால், அவற்றில் ஒன்றுகூட உங்களுக்குத் தேவையில்லை. பணம் குறையும் மாதங்களில் நம் வீடுகளில் முதலில் குறைவது பருப்புதான். நனிசைவர்கள் அந்தத் தவற்றை மட்டும் செய்யவே கூடாது; காய்கறியைக் குறைத்துக் கீரைக்கு மாறுங்கள், விலை குறைந்த பயறுக்கு மாறுங்கள், பயறின் அளவை மட்டும் குறைக்காதீர்கள். ஊரில் உள்ள குடும்ப அட்டைக்கு ரேஷன் கடையில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பு வீட்டில் மிஞ்சினால், ஊருக்குப் போய்வரும்போது அதையும் கேட்டு வாங்கி வாருங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் 18 வயது மகள், கன்றுக்கு உரிய பாலை நாம் எடுப்பது தவறு என்று சொல்லிப் பாலையும் தயிரையும் அடியோடு விட்டுவிட்டாள். தினமும் இரண்டு டம்ளர் பால் குடித்து வளர்ந்த பெண். எலும்புக்கு என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. பாதாம் பால் வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள். எங்கள் வருமானத்துக்கு அது கட்டுப்படியாகாது. தயிர்ச் சோறு இல்லாமல் சாப்பிட்ட நிறைவே இல்லை என்றும் சொல்கிறாள். அவள் தட்டில் வேறு என்ன வைக்கலாம்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் மகள் யோசித்து எடுத்த முடிவு அது, சகோதரி, அவளோடு வாதாடாமல் தட்டில் என்ன வைக்கலாம் என்று நீங்கள் கேட்டிருப்பதே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. பாதாம் பாலை மறந்துவிடுங்கள். கடையில் விற்கும் பெட்டிகளில் பெரும்பகுதி தண்ணீர்தான். புரதம் மிகக் குறைவு, தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தால் ஒழிய கால்சியமும் குறைவு. அதில் ஒரு லிட்டருக்குக் கொடுக்கும் பணத்தில் மூன்று, நான்கு கிலோ கேழ்வரகு வாங்கிவிடலாம்.

அவள் வயதுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கும், 100 கிராம் முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேலும், இரண்டு மேசைக்கரண்டி எள்ளில் 200 மில்லிகிராமுக்கு மேலும் கால்சியம் உண்டு. ஆனால், தானியத்திலும் எள்ளிலும் உள்ள கால்சியம் முழுவதையும் உடல் உறிஞ்சிக்கொள்வதில்லை. அதனால்தான் கேழ்வரகை அப்படியே அரைக்காமல், ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைவிட்டபின் உலர்த்தி அரைக்கச் சொல்கிறேன். உறிஞ்சுதலைத் தடுக்கும் பைட்டேட் இதனால் குறைகிறது. பசலைக்கீரை, தண்டுக்கீரை போன்றவற்றில் கால்சியத்தை உடல் உறிஞ்சவிடாத ஆக்சலேட் அதிகம் என்பதால் கால்சியத்துக்கு அவற்றை நம்பாமல் முருங்கைக்கீரையை நம்புங்கள். பக்கத்து வீட்டு மரத்திலிருந்து சும்மாவே கிடைக்கும் கீரை அது. காலையில் முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் சேர்த்த கேழ்வரகு அடை, மதியம் சோற்றுக்கு எள்ளுப்பொடி, இரவு கொள்ளுத் துவையல் என்று சுற்றிவந்தால் தேவையின் பெரும்பகுதியை எட்டிவிடலாம்.

பெண்பிள்ளை என்பதால் இரும்புச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயறிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்ள வைட்டமின் சி துணை செய்யும். டீயும் காபியும் தடை செய்யும். சாப்பாட்டோடு ஒரு கொய்யாத் துண்டோ நெல்லிக்காயோ இருக்கட்டும், இறக்கிவைத்த பருப்பில் எலுமிச்சை பிழியுங்கள், டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தயிர்ச் சோறு இல்லாமல் சாப்பிட்ட நிறைவே இல்லை என்று அவள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேர்க்கடலைத் தயிரை நான் வீட்டில் பலமுறை செய்திருக்கிறேன். ஒரு டம்ளர் பச்சை வேர்க்கடலையை இரவு முழுவதும் ஊறவைத்து, தோலைக் கசக்கி நீக்கி, மூன்று டம்ளர் தண்ணீர் விட்டு மைய அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அந்தப் பாலைச் சிறு தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். கண நேரம் கவனம் தப்பினாலும் அடிபிடிக்கும், பொங்கி வழியும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், கழுவித் துடைத்த பத்துப் பச்சைமிளகாய்க் காம்புகளை அதில் போட்டு மூடி வையுங்கள். வெயில் காலத்தில் எட்டு மணி நேரத்தில் உறையும். முதல் தடவை நீர்த்தே வரும், வாசனையும் அவ்வளவாகப் பிடிக்காது. அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றினால் கெட்டியாகவும் புளிப்பாகவும் வரும். வடிகட்டிய சக்கையைக் கொட்டிவிடாமல் அடை மாவில் சேருங்கள். இந்தத் தயிரில் புரதம் உண்டு, ஆனால் பசும்பால் தயிரில் உள்ள அளவுக்குக் கால்சியம் இல்லை என்பதால் கேழ்வரகையும் கீரையையும் விட்டுவிடக் கூடாது.

கேள்வி: வயது 56. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறேன். நனிசைவத்துக்கு மாறி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கொஞ்ச நாளாகப் பாதங்கள் மரத்துப்போகின்றன. பழைய சோற்றிலும் இட்லி மாவிலும் வைட்டமின் பி12 இருக்கிறது, மாத்திரை வேண்டாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். சரிதானா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: சரியில்லை. இந்த இதழை மூடி வைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்கப் புறப்படுங்கள் என்றுதான் உங்களிடம் சொல்வேன். பாதம் மரத்துப்போவது சர்க்கரை நோயாலும் வரும், பி12 குறைவாலும் வரும்; மெட்ஃபார்மினை நீண்ட காலம் எடுத்துக்கொள்வதே பி12 அளவைக் குறைக்கக்கூடும். எது காரணம் என்று பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். பி12 குறைவு என்று தெரிந்தால் மருத்துவர் ஊசியோ கூடுதல் அளவு மாத்திரையோ தருவார். காலம் கடத்தினால் நரம்புக்கு ஏற்படும் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம்.

பி12-ஐ உருவாக்குபவை நுண்ணுயிர்கள். தாவரங்கள் அதை உருவாக்குவதில்லை. பழைய சோறும் புளித்த மாவும் நல்ல உணவுகள்தாம், ஆனால் பி12-க்கு நம்பத்தக்கவை அல்ல. சத்துப் பொருளாக விற்கப்படும் ஸ்பைருலினா என்ற பாசியில் பெரும்பாலும் இருப்பது பி12 போன்ற தோற்றமுடைய, உடலுக்குப் பயன்படாத பொருள். கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள் தாங்கும் என்பதால், "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று பலர் ஏமாந்துவிடுகிறார்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. கீரையும் பயறும் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் தாராளமாகக் கிடைப்பதால், பி12 குறைவினால் வரும் ரத்தசோகை வெளியே தெரியாமல் மறைந்திருக்க, நரம்புகள் மட்டும் உள்ளுக்குள் பாதிக்கப்பட்டு வரும்.

வீகன் என்ற சொல் பிறந்ததே பிரிட்டனில் 1944-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வீகன் சொசைட்டியில்தான். அந்த அமைப்பே, பி12 சேர்த்துச் செறிவூட்டிய உணவுகள் கிடைக்காதவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 10 மைக்ரோகிராம் அல்லது வாரத்துக்குக் குறைந்தது 2,000 மைக்ரோகிராம் பி12 மாத்திரையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்துகிறது. இந்த வாசகருக்கு அல்ல, நலமாக இருக்கும் மற்ற நனிசைவ வாசகர்களுக்கு இதைச் சொல்கிறேன்: உங்கள் மாதச் செலவில் தவிர்க்கவே கூடாத செலவு இது. கேப்சூல்களின் கூடு பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனது என்பதால், மருந்துக் கடையில் வில்லையாகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: விடுதி மெஸ்ஸில் சாப்பிடும் மாணவி நான். தனியாகச் சமைக்க அனுமதி இல்லை. பிஸ்கட் உறையில் பச்சைப் புள்ளி இருந்தால் நனிசைவம் என்று எடுத்துக்கொள்ளலாமா?
– ஒரு மாணவி, சென்னை

பதில்: கூடாது. பச்சைப் புள்ளி சைவம் என்பதற்கான அடையாளம்; பாலும் நெய்யும் அதற்குள் அடங்கும். உட்பொருள்களின் பட்டியலில் பால் பொடி, மோர்ப் பொடி, கேசின் (பால் புரதம்) ஆகிய சொற்களைத் தேடுங்கள். மெஸ் பொங்கலில் நெய்யா, டால்டாவா, எண்ணெயா என்று சமையல் அண்ணனிடமே கேட்டுவிடுங்கள்; பல விடுதிகளில் செலவைப் பார்த்து நெய் ஊற்றுவதே இல்லை. சாம்பார் வாளியில் அடியில் தங்கிய பருப்பைக் கரண்டியால் கலக்கி ஊற்றச் சொல்லுங்கள். அறையில் அடுப்பு தேவைப்படாத இரண்டு பொருள்களை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு டப்பா பொட்டுக்கடலை, ஒரு டப்பா வறுத்த வேர்க்கடலை. பாசிப்பயறை ஒரு நாள் ஊறவைத்து, கைக்குட்டையில் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் மறுநாளே முளைவிடும். நன்றாக அலசி, வெந்நீரில் சில நிமிடங்கள் போட்டெடுத்து, மெஸ்ஸில் கிடைக்கும் வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துச் சாப்பிடுங்கள். ஈரத்தில் கிருமிகள் எளிதில் பெருகும் என்பதால், வழவழப்போ நாற்றமோ தெரிந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.