மண் பிசையவா பிளஸ் டூ படித்தாள்?

கரூரிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். ஒரு வருடமாகச் சனி, ஞாயிறுகளில் மண்பாண்ட வகுப்புக்குப் போய்வந்தவள், இப்போது "செராமிக்தான் படிப்பேன்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பெரியப்பாவோ ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுப் பேசி முடித்துவிட்டார். நகையை அடகு வைத்தால் முதல் தவணையைக் கட்டிவிடலாமாம். "மண் பிசையவா இவ்வளவு படிக்க வெச்சோம்?" என்ற பேச்சு வீட்டில் தினமும் விழுகிறது. மகளைச் சமாதானப்படுத்த ஒரு வழி சொல்லுங்கள் என்கிறார்.

அம்மா, உங்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் அவளைச் சமாதானப்படுத்த நான் வழி சொல்லப்போவதில்லை. முதலில் அந்த நகை பெட்டியிலேயே இருக்கட்டும். கம்ப்யூட்டர் படிப்பை மட்டம் என்று சொல்லவில்லை. அதில் நாட்டமில்லாத பெண்ணுக்கு, கடன் வாங்கி, கலந்தாய்வுக்கு வெளியே விலை கொடுத்து அந்த இடத்தை வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். வட்டி கட்டப்போவது நீங்கள், பெரியப்பா இல்லை.

"மண் பிசைவது" என்று இளக்காரமாகச் சொல்வதற்குள் சாதி ஒளிந்திருக்கிறது. அதை மூடி மறைக்க வேண்டாம். குயவர் வேலையை நம் பெண் செய்வதா என்பதுதான் வெளியே வராத கேள்வி. ஊர் எல்லையில் நிற்கும் அய்யனார் குதிரையைச் செய்தது குயவர்களான வேளார் கை. பல ஊர்களில் அங்கே பூசை செய்வதும் அவர்களே. கச்சேரி மேடையில் உட்காரும் கடம் மானாமதுரை மண்ணில் பிறந்தது. பெரியப்பாவிடம் இதைச் சொன்னால் மனம் மாறுவாரா தெரியாது, சொல்லிவைப்பதில் தப்பில்லை.

அவள் கேட்பது அந்த வேலைக்கு உறவான, ஆனால் வேறான ஒரு தொழில். நம் ஊர் மண்பானை 700 முதல் 900 டிகிரி வரை வேகும். நுண்துளை இருப்பதால் தண்ணீர் கசிந்து குளிரும். ஸ்டுடியோ பாட்டர்கள், அதாவது சிறு பட்டறையில் கையால் வனைபவர்கள், செய்யும் ஸ்டோன்வேர் பெரும்பாலும் 1250 முதல் 1300 டிகிரி வரை போகும். பாத்திரத்தின் உடல் இறுகிக் கல்லாகி, மேலே பூசிய கிளேஸ் என்ற பூச்சு கண்ணாடியாக உருகிப் படியும். 1971இல் அமெரிக்கர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே பயின்றவர்கள் பலர் தனிப் பட்டறை வைத்ததால்தான் இன்று புதுச்சேரியும் ஆரோவில்லும் இந்தத் தொழிலுக்குப் பெயர்பெற்ற இடங்கள். கரூரிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

படிப்புக்கு வருவோம். சென்னை எழும்பூரில், 1850இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரியில் செராமிக்கிற்கென்றே நான்காண்டு பி.எஃப்.ஏ. (கவின் கலை இளங்கலை) பிரிவு இருக்கிறது. ஓவியம், சிற்பம் என்று விண்ணப்பிக்கும் கூட்டத்தில் இதைக் கவனிப்பவர்கள் குறைவு. அரசுக் கட்டணம், நிர்வாக ஒதுக்கீட்டுத் தொகைக்குப் பக்கத்தில்கூட வராது. சேர்க்கையில் வரைதல் திறனைப் பார்ப்பார்கள். ஆகவே இன்றிலிருந்து தினம் ஒரு மணி நேரம், எதிரில் இருக்கும் பொருளை, சொம்போ செருப்போ, பென்சிலால் பார்த்து வரையட்டும். போட்டோவைப் பார்த்து வரைவது இந்தப் பயிற்சிக்கு உதவாது.

அண்ணா பல்கலைக்கழகத்தில் செராமிக் டெக்னாலஜி பி.டெக். உண்டு, விருத்தாசலத்தில் அரசு டிப்ளமா உண்டு. "அப்படியானால் அதுவே இருக்கட்டும், பொறியியல் ஆச்சே" என்று உறவினர்கள் தாவுவார்கள். அது டைல்ஸ், உலைக்கல், மின்காப்பான் தொழிற்சாலைகளுக்கான படிப்பு. சக்கரத்தைவிட கிளேஸின் வேதியியல்தான் அவளை இழுக்கிறது என்றால் மட்டும் அந்தப் பக்கம் பாருங்கள்.

கல்லூரி மட்டும் போதாது. யாரும் சொல்லாத பாதி இங்கேதான் இருக்கிறது: நடந்துகொண்டிருக்கும் ஒரு பட்டறையில் உதவியாளாகச் சேர்வது. ஒவ்வொரு விடுமுறையிலும், படிப்பு முடிந்தபின் முழுதாக ஒன்றிரண்டு வருடமும். வார வகுப்பில் மண்ணைத் தயாராகக் கொடுத்து, சுட்டும் கொடுத்துவிடுவார்கள். பட்டறையிலோ முதல் சில மாதம் சக்கரத்தில் உட்காரவே வாய்ப்பு குறைவு. உலர்ந்த சிதறலை ஊறவைத்து, சலித்து, பிளாஸ்டர் பலகையில் நீர் இழுக்கவிட்டு, பிசைந்து காற்றுக் குமிழி எடுத்து, 400 கிராம் உருண்டைகளாக எடைபோட்டு வைக்க வேண்டும். தரையைக் கூட்டக் கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். உலர்ந்த களிமண் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. கிளேஸ் பொடி கலக்கும்போது என்95 முகக்கவசம் இல்லாத பட்டறையில் அவளைச் சேர்க்காதீர்கள்.

பிறகுதான் வனைதல். மையம் பிடிப்பது, குழித்துத் திறப்பது, அடியை விரலால் நன்றாக அழுத்துவது. அந்த அழுத்தத்தை விட்டால் காயும்போது அடியில் 'எஸ்' வடிவில் விரிசல் விழும். பாதி காய்ந்த தோல் பதத்தில் அடியைச் செதுக்கிக் கைப்பிடி ஒட்ட வேண்டும். உடலைவிடக் கைப்பிடி ஈரமாக இருந்தால் ஒட்டிய இடத்தில் பிளக்கும். இரண்டும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வைப்பார்கள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதைச் சூளையில் வேகமாக ஏற்றினால் ஆவி வெடித்து, பக்கத்தில் இருக்கும் பாத்திரங்களையும் சேர்த்துக் கெடுக்கும். முதல் சூடு 950 முதல் 1000 டிகிரி. ஆறும்போது 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சுருங்கும். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் டங்கென்று பிளக்கும். திறக்க ஒரு நாள் காத்திருப்பதும் வேலைதான்.

கிளேஸுக்கு எளிய தொடக்கம் ஒன்று உண்டு, நூறு பங்கில்: ஃபெல்ட்ஸ்பார் என்ற பாறைப்பொடி 40, சிலிக்கா 30, கால்சியம் கார்பனேட் 20, சீனக்களிமண் 10. ஸ்டோன்வேர் சூட்டில் இது தெளிவான கண்ணாடியாகும். ஆக்சிஜன் குறைந்த தீயில் இதோடு ஒன்றிரண்டு சதவீதம் இரும்பு ஆக்சைடு சேர்த்தால் இளம்பச்சை கிடைக்கும்; எட்டு, பத்து சதவீதமானால் கரும்பழுப்பு. கிளேஸில் வலைபோல் மெல்லிய கீறல் வந்தால், உடலைவிட அது அதிகம் சுருங்குகிறது என்று பொருள். சிலிக்காவைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒதுங்கித் திட்டுத்திட்டாக நின்றால் தூசியோ, தடித்த பூச்சோ காரணம். எல்லாவற்றையும் சிறு துண்டில் சோதித்து எண் போட்டு நோட்டில் எழுதுவாள். அந்த நோட்டுதான் அவளுடைய உண்மையான சான்றிதழ்.

இதில் கலை எங்கே என்று அவளே கேட்பாள். ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச் 1920இல் ஜப்பானியக் குயவர் ஹமாடாவுடன் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் பட்டறை தொடங்கினார். பின்னாளில் அந்தப் பட்டறையைத் தாங்கியது, ஒரே அளவில் திரும்பத் திரும்பச் செய்து விற்ற அன்றாடப் பாத்திரங்கள்தான். தனித்துவமான ஒற்றைக் கலயம் வேண்டுமென்றால், அதற்கு முன் நூறு டீ கப்பை அலுக்காமல் வனைந்திருக்க வேண்டும். கை வேகம் பிடித்தபின்தான் கைக்குத் தன் போக்கு வரும். இன்ஸ்டாகிராமில் சக்கரம் சுற்றும் வீடியோ பார்த்து வந்த ஆசையா, இந்த அலுப்பையும் தாங்கும் ஆசையா என்பதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

பணத்தில் மழுப்பக் கூடாது. ஒரு கணக்குப் போடுவோம். நூறு கப் வனைந்தால் சேதாரம் இருபது என்று வையுங்கள். எண்பது தேறும். கடையில் ஒன்று 450 ரூபாய்க்கு விற்று, 40 சதவீதம் கடைக்காரருக்குப் போனால் கையில் 21,600. மண், கிளேஸ், சூளை, பேக்கிங்குக்கு 8,000 ஒதுக்கினால் மிச்சம் 13,600. பழகிய கைக்கு ஒரு கப்புக்கு மொத்தம் 25 நிமிடம் என்றால் நூறுக்கு 42 மணி நேரம். புதுக்கை மூன்று மடங்கு எடுக்கும், சேதாரமும் கூடும். வாடகை இதில் சேரவில்லை. அதனால்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வகுப்பும் எடுக்கிறார்கள், உணவகங்களுக்குத் தட்டும் செய்கிறார்கள். முதல் மூன்று வருடம் வீட்டில் சாப்பாடும் இடமும் கொடுக்க முடியுமா என்று நீங்களும் அப்பாவும் உட்கார்ந்து பேசுங்கள். முடியாதென்றால் அதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

சூளை வாங்கித் தருகிறேன் என்று பாசத்தில் வாக்குக் கொடுக்காதீர்கள். மின்சூளை பெரிதானால் மும்முனை இணைப்பு வேண்டும். வீட்டு வயரிங் தாங்காது. முதல் வருடங்களில் வேறு பட்டறையின் சூளையில் அடுக்குக்கு இவ்வளவு என்று கட்டிச் சுட்டுக்கொள்ளலாம். சக்கரம்கூட பழையது போதும். மாதாமாதம் வேலை வந்து, அடுத்தவர் சூளையில் இடம் கிடைக்காமல் தவிக்கும்போது வாங்கலாம்.

இந்த வாரம் அவளிடம் ஒரு வேலை கொடுங்கள். வகுப்பு நடத்துபவரிடம் கேட்டு, 400 கிராம் உருண்டை 25 எடைபோட்டு, வாயகலம் 9, உயரம் 10 சென்டிமீட்டரில் 25 கப் வனையட்டும். காய்ந்து சுட்டபின் சுமார் 12 சதவீதம் சுருங்கி உயரம் 8.8 ஆகும், அதையும் சொல்லிவையுங்கள். ஈரமாக இருக்கும்போதே அதில் ஐந்தைக் கம்பியால் மேலிருந்து கீழ் இரண்டாக அறுத்து, சுவரின் கனத்தை அவளே அளந்து எழுதட்டும். தன் கப்பைத் தானே அறுக்க மனம் வருகிறதா என்பதையும், அறுத்தபின் இருபத்தாறாவது உருண்டையை எடுக்கிறாளா என்பதையும் பார்த்து எனக்கு எழுதுங்கள். பெரியப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்பதை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.